அட்லாண்டிக்கைக் கப்பலில் கடப்பது உங்களுக்கு ஒத்துவருமா? முன்பணம் கட்டுமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் சொகுசுக் கப்பல் பயணங்களைப் பற்றிய பேச்சு இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலும் கேட்கிறது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், ஊழியர் சேமநிதியில் ஒரு பகுதியைப் பயணத்திற்கென ஒதுக்கி வைத்தவர்களும், இலண்டனிலோ நியூயார்க்கிலோ பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். பதினான்கு இரவுத் தங்கலும் மூன்று வேளை உணவும் சேர்ந்து ஐரோப்பாவில் ஒரு வாரம் விடுதியில் தங்கும் செலவுக்குள் அடங்குவதைப் பார்த்தவுடன் பலருக்கும் ஆசை எழுகிறது. ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கட்டணம் ஏன் குறைவாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் முன்பணம் கட்டக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெரிய கப்பல் நிறுவனங்கள் தங்கள் கப்பல்களைக் குளிர்காலத்தில் கரீபியன் தீவுகளிலும் கோடைகாலத்தில் மத்தியதரைக் கடலிலும் ஓட்டுகின்றன. இடம் மாறுவதற்காக அந்தக் கப்பல்கள் ஏப்ரல், மே மாதங்களில் கிழக்கு நோக்கியும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்கு நோக்கியும் அட்லாண்டிக்கைக் கடந்தாக வேண்டும். எப்படியும் போக வேண்டிய கப்பல் வெற்று அறைகளோடு போவதைவிடக் குறைந்த கட்டணத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வது இலாபம் என்பதால்தான் விலை இறங்குகிறது. பார்சலோனா, சிவித்தாவெக்கியா, லிஸ்பன், சவுத்தாம்டன் போன்ற துறைமுகங்களுக்கும் மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் போன்ற துறைமுகங்களுக்கும் இடையே நடக்கும் இப்பயணம் பெரும்பாலும் இரண்டு வாரம் நீடிக்கும். அதில் மதெய்ரா, அசோர்ஸ், கேனரித் தீவுகள் என ஓரிரு நிறுத்தங்கள் இருக்கலாம். அவற்றைத் தாண்டிய பிறகு தொடர்ந்து ஆறு முதல் எட்டு நாள்வரை கரையே தென்படாது. குயின் மேரி 2 என்னும் கப்பலின் கதை வேறு. 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் சேவைக்கு வந்த அந்தக் கப்பல் இந்தக் கடப்புக்கென்றே கட்டப்பட்டது. அது சவுத்தாம்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலுள்ள மூவாயிரத்திற்கும் மேற்பட்ட கடல் மைல்களைப் பெரும்பாலும் ஏழு இரவுகளில், இடையில் எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் கடக்கிறது.

ஆக, இந்தப் பயணத்தில் நீங்கள் வாங்குவது ஊர்களை அல்ல. கடலில் கழியும் நாள்களை. நம் பெரியவர்களில் பலர் நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹத்துக்கும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) ரஜூலா கப்பலில் வந்தவர்கள். 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம்வரை ஓடிய அந்தக் கப்பலில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கதைகளை நம் வீடுகளில் இன்றும் கேட்கலாம். அவர்களுக்குக் கடல் என்பது கரையை அடைவதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக இருந்தது. இன்று இலண்டனிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் எட்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்னும்போது, கப்பலைத் தேர்ந்தெடுப்பவர் அந்த நடுக்கடலையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறார். அந்த விருப்பம் உங்களுக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கண்டறிய வேண்டும். கப்பலின் பெயர், அறையின் வகை, தள்ளுபடி ஆகியவற்றையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

இதைக் கண்டறிய நான் எல்லாரிடமும் சொல்வது ஒரு எளிய முறை. தொடர்ந்து மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருந்து பாருங்கள். காலைப் பசியாறலுக்குக் கடைக்குப் போகக் கூடாது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குப் போகக் கூடாது. "சும்மா ஓர் எட்டு" என்று ஈப்போவுக்குக் காரை எடுக்கக் கூடாது. கைப்பேசியில் புலனத்தை (வாட்ஸ்அப்) பார்ப்பதற்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியையும் மின்னல் பண்பலையையும் அணைத்துவிடுங்கள். நடப்பதாக இருந்தால் வீட்டு முற்றத்திலேயே நடக்க வேண்டும். இதில் மிக முக்கியமான விதி, வீட்டு வேலை எதையும் செய்யக் கூடாது என்பது. சமையலையும் துணி துவைப்பதையும் அந்த மூன்று நாளுக்கு மகளோ மருமகளோ, இயலாவிட்டால் கடைச் சாப்பாடோ பார்த்துக்கொள்ளட்டும். கப்பலில் உங்கள் படுக்கையைக்கூட வேறொருவர்தான் விரிப்பார்.

முதல் நாள் ஓய்வாகவே கழியும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் நாள், நெடுநாளாகத் தள்ளிப்போட்ட புத்தகமோ பழைய புகைப்பட ஆல்பமோ கைக்கு வரும். மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்பதுதான் உண்மையான விடை. அந்த நேரத்தில் அமைதியாக ஏதோ ஒன்றில் ஆழ்ந்திருந்தால் எட்டு நாளும் உங்களுக்குச் சுமையாக இராது. வாசலுக்கும் கூடத்திற்குமாக நடந்துகொண்டு, யார் மீதாவது எரிந்து விழத் தொடங்கியிருந்தால், கப்பலில் எத்தனை நிகழ்ச்சிகள் இருந்தாலும் ஐந்தாம் நாள் அதே எரிச்சல் உங்களைத் தேடி வரும்.

நம் பெண்களைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போய், திரும்பி வந்து சமைத்து, பிள்ளைகளை வளர்த்த தாய்மாருக்கும், அவர்களைப் பார்த்து வளர்ந்து அலுவலகத்தையும் அடுப்படியையும் ஒருசேரச் சுமந்த மகள்மாருக்கும், வேலையே இல்லாத ஒரு நாள் எப்படி இருக்கும் என்பது பல நேரங்களில் தெரியாது. சிலருக்கு அது வாழ்நாளில் கிடைக்காத பேறாக அமைகிறது. வேறு சிலருக்குக் கைகள் சும்மா இருப்பதே குற்ற உணர்வைத் தருகிறது. இரண்டுமே இயல்பானவை. எது தங்களுடையது என்பதை அவர்கள் பணம் கட்டிய பிறகு நடுக்கடலில் அறிவதைவிடத் தங்கள் வீட்டிலேயே அறிந்துகொள்வது நல்லது.

கணவன், மனைவி இருவரும் போவதாக இருந்தால் சோதனையை இருவரும் சேர்ந்தே செய்ய வேண்டும். ஊரில் கணவருக்குக் கோயில் செயற்குழுவும் தேநீர்க் கடை நண்பர்களும் இருக்கிறார்கள். மனைவிக்கு அக்கம்பக்கமும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். கப்பலில் ஒரு சிறிய அறையில், ஒருவருக்கு மற்றவர் மட்டுமே துணை. முப்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்தவர்களும் முழுப்பகலை ஒன்றாகக் கழித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் ஆசையோடும் மற்றவர் அவருக்காகவும் வருவதாக இருந்தால், பின்னவரின் மூன்றாம் நாள் பிற்பகலைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

கடல் நாள்களில் கப்பலில் ஒன்றுமே நடக்காது என்று எண்ண வேண்டாம். சொற்பொழிவு, இசை, நடன வகுப்பு, சீட்டாட்டம், வினாடி வினா எனக் காலை முதல் இரவுவரை நிகழ்ச்சிகள் இருக்கும். குயின் மேரி 2-இல் பெரிய நூலகமும் கோளரங்கமும் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடப்பவை. உடன் பயணம் செய்பவர்களில் பலர் வயது முதிர்ந்த ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் ஆவர். அறிமுகமில்லாதவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதில் கூச்சம் இல்லாதவர்களுக்கு இது இனிமையாக இருக்கும். கூச்சம் உள்ளவர்களுக்கும் ஓர் ஆறுதல் உண்டு: கப்பல் பணியாளர்களில் இந்தோனேசியர்களும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் இந்தியரும் மிகுதி. மலாய் பேசத் தெரிந்த ஒரு மலேசியத் தமிழருக்கு உணவுக்கூடத்தில் இரண்டாம் நாளே நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள்.

திரும்பி வர முடியாத நாள்கள்

நம்மவர்கள் இந்தப் பயணத்தை முடிவு செய்யும்போது விளம்பரங்கள் எதுவும் சொல்லாத ஒன்றை முன்வைத்துச் சிந்திக்க வேண்டும். கரை இல்லாத அந்த ஆறேழு நாள்களில் வீட்டில் எது நடந்தாலும் உங்களால் திரும்ப முடியாது. ஐரோப்பாவில் சுற்றுலாவில் இருக்கும்போது தாய்க்கு உடல்நலம் குன்றிய செய்தி வந்தால் மறுநாள் விமானம் பிடித்து வந்துவிடலாம். நடுக்கடலில் இருப்பவர் கப்பல் கரை சேரும்வரை காத்திருந்து, அங்கிருந்து பல மணி நேர விமானப் பயணம் செய்து, கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர வேண்டும். இறுதிச் சடங்கைச் செய்ய வேண்டிய மகனாக இருப்பவருக்கு இது சிறிய செய்தி அல்ல. வீட்டில் படுக்கையில் இருக்கும் பெற்றோரோ, பேறுகாலம் நெருங்கிய மகளோ இருந்தால், இந்த ஆண்டு வேண்டாம் என்று வைத்துவிடுவதே நல்லது. கப்பல்கள் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு முறை கடக்கின்றன. அடுத்த ஆண்டும் கடக்கும். அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாவிட்டாலும், நீங்கள் இல்லாத நேரத்தில் யார் எதை முடிவு செய்வது என்பதை உடன்பிறந்தவர்களோடும் பிள்ளைகளோடும் வெளிப்படையாகப் பேசி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

தொடர்புக்கு வழி இல்லாமல் இல்லை. இப்போது பெரும்பாலான கப்பல்களில் செயற்கைக்கோள் வழி இணையம் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள். கப்பலின் கைப்பேசி அலைவரிசை தானாக இணைந்துகொண்டால் அதற்கான கட்டணம் திகைக்க வைக்கும். கப்பல் அமெரிக்கக் கரையை நெருங்க நெருங்க நேர வேறுபாடு பன்னிரண்டு மணி நேரத்தை எட்டும் என்பதால், உங்கள் இரவு உணவு வேளைதான் வீட்டாரின் காலைப் பசியாறல் வேளை.

பயணக் காலம் நம் பண்டிகைகளோடு மோதுவதையும் கவனியுங்கள். மேற்கு நோக்கிய கடப்புகள் நடக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் புரட்டாசி விரதமும் தீபாவளியும் கந்த சஷ்டியும் வருகின்றன; கிழக்கு நோக்கிய கடப்புகள் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருகின்றன. தீ விபத்தைத் தவிர்ப்பதற்காக மெழுகுவத்தி, ஊதுவத்தி, கற்பூரம் போன்றவற்றை அறையில் ஏற்றுவதைக் கப்பல்கள் தடை செய்கின்றன. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், விளக்கேற்ற இயலாது. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, வெறிச்சோடிய வீட்டில் தீபாவளியைக் கழிப்பவர்களுக்குக் கடல் ஒரு மாற்றாக இருக்கலாம். குடும்பம் முழுவதும் ஒன்று கூடும் வீட்டுக்குப் பெரியவராக இருப்பவர் அந்த வாரத்தைத் தவிர்த்துத் தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உடம்பு என்ன சொல்கிறது

கடல் மயக்கம் யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலையின் வளைவுகளில் உங்களுக்குக் குமட்டுமானால், கடலிலும் குமட்டும் வாய்ப்பு மிகுதி என்று எடுத்துக்கொள்ளலாம். கண் காண்பதும் உட்செவி உணர்வதும் ஒத்துப்போகாமையே இரண்டுக்கும் காரணம். பெரிய கப்பல்களில் உள்ள நிலைப்படுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கின்றன. முன்னும் பின்னுமாகத் தூக்கிப் போடும் அசைவை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியாகவும், கீழ்த்தளங்களில் ஒன்றாகவும் பார்த்துக் கேளுங்கள். ஊசல் கயிற்றின் நுனி அதிகமாக ஆடுவது போலவே கப்பலின் முனைகளும் உயர்ந்த தளங்களும் அதிகமாக ஆடும். சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகள் உதவும். ஆனால் குமட்டல் தொடங்கிய பிறகு போடுவதைவிட முன்னதாகப் போடுவதே பயன் தரும். நீங்கள் ஏற்கெனவே உண்ணும் மருந்துகளோடு அவை ஒத்துப்போகுமா என்பதை மருத்துவரிடம் கேட்ட பிறகே வாங்க வேண்டும்.

நம் சமூகத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு என்பதால் இந்தப் பகுதியை யாரும் விரைந்து கடந்துவிடக் கூடாது. கப்பலில் மருத்துவரும் சிறிய மருத்துவ நிலையமும் உண்டு; ஆனால் அது மருத்துவமனை ஆகாது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் டாலரில் கட்டணம் உண்டு. நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடம் மீட்பு ஹெலிகாப்டர்கள் எட்ட முடியாத தொலைவாக இருக்கலாம். அப்போது கப்பலே திசை திரும்பி அசோர்ஸ் தீவுகளையோ பெர்முடாவையோ நோக்கிப் போக வேண்டியிருக்கும். அண்மையில் மாரடைப்பு வந்தவர், மருந்தின் அளவு இன்னும் நிலைப்படாதவர், வாரத்திற்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர் ஆகியோருக்கு இந்தப் பயணம் ஏற்றதல்ல என்று தயக்கமின்றிச் சொல்வேன். நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலோடு போகலாம். மருந்தைத் தேவைக்கு இரு மடங்காக எடுத்து, முழுவதையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் பெட்டி தவறிவிட்டால், மற்றச் சுற்றுலாக்களில் போல அது மறுநாள் உங்களைத் தேடி வராது. கப்பல் போய்விட்டால் பெட்டி மறுகரையில்தான் உங்களைச் சந்திக்கும்.

இன்சுலின் போடுபவர்கள் கடிகார மாற்றத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மேற்கு நோக்கிப் போகும்போது பல இரவுகளில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னோக்கி வைக்கப்படும். நாள் இருபத்தைந்து மணி நேரமாக நீளும், தூக்கம் மிகும். கிழக்கு நோக்கி வரும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு மணி நேரம் பறிபோகும். ஒரு வாரத்தில் அது வயதானவர்களைச் சோர்வடையச் செய்துவிடும். இந்தக் காரணத்திற்காகவே, முதல்முறை போகிறவர்கள் மேற்கு நோக்கிய பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து.

உணவைப் பற்றி நம்மவர்களுக்குக் கவலை மிகுதி. உண்மையில் அவ்வளவு கவலை தேவையில்லை. சைவ உணவு எல்லாக் கப்பல்களிலும் கிடைக்கும். பல நிறுவனங்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் இந்தியச் சைவ உணவையும் ஏற்பாடு செய்கின்றன. காரமும் புளிப்பும் ஊரில் உள்ளதுபோல இராது. அதற்காகச் சோற்றுப் பானையையும் மின்கெண்டியையும் பெட்டியில் வைக்காதீர்கள். சூடாக்கும் கருவிகளை ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். கடையில் கட்டி முத்திரையிட்ட முறுக்கு, பொடி வகைகளைப் பொதுவாக அனுமதிப்பார்கள். ஆனால் இறைச்சி கலந்தவற்றையும் பழங்களையும் அமெரிக்கக் கரையில் இறக்க முடியாது. இரண்டு வாரம் ரசமும் நெத்திலிச் சம்பாலும் இல்லாமல் இருக்க முடியாது என்று மனமாரச் சொல்பவர் அதையும் ஒரு நேர்மையான காரணமாகவே கணக்கில் சேர்க்கலாம்.

எந்த வழி, எந்தப் பருவம்

ஒரே பெருங்கடல் என்றாலும் வடக்கு வழியும் தெற்கு வழியும் வெவ்வேறு அனுபவங்கள். சவுத்தாம்டனிலிருந்து நியூயார்க்குக்குப் போகும் வடக்கு வழியில் குளிர்ந்த காற்றும் பெரிய அலைகளும் கோடைக்கு வெளியே இயல்பானவை. நம் வெப்பத்திற்குப் பழகிய உடம்பு மேல்தளத்தில் பத்து நிமிடம் நிற்பதற்கும் கனமான உடை கேட்கும். கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் நோக்கிப் போகும் தெற்கு வழியில் வடகிழக்கு வணிகக் காற்று கப்பலின் பின்புறமிருந்து வீசுகிறது. நாளுக்கு நாள் வெயில் கூடி, வெளியில் அமர்ந்து கடலைப் பார்க்க முடிகிறது. 1492-இல் கொலம்பஸ் கேனரித் தீவுகளிலிருந்து மேற்கே திரும்பியதும் இந்தக் காற்றின் துணையால்தான். அட்லாண்டிக் புயல் பருவம் அதிகாரபூர்வமாக ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்றாலும் அதன் உச்சம் செப்டம்பரில் அமைகிறது. கப்பல் தலைவர்கள் புயலைச் சுற்றிக்கொண்டு போவார்கள், அதனால் ஒரு துறைமுகம் விடுபட்டுப் போகலாம். அசோர்ஸில் இறங்கியே ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு ஏறுபவர் ஏமாறக்கூடும். துறைமுகத்தை விட்டுவிடும் உரிமை ஒப்பந்தப்படி கப்பலுக்கு உண்டு.

தெற்கு வழியில் மேற்கு நோக்கிப் போகும்போது கப்பலின் இடப்புறம் தெற்கைப் பார்ப்பதால் வெயில் அங்கேதான் விழும். மாடம் உள்ள அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதாக இருந்தால் இந்த வழியில் கொடுங்கள். வடக்கு வழியில் அது பெரும்பாலும் மூடிய கதவாகவே இருக்கும்.

மூன்று நாள் சோதனையில் தடுமாறியவர்கள் ஆசையை முழுவதுமாகக் கைவிட வேண்டும் என்பதில்லை. ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, கனடாவின் கிழக்குக் கரை எனத் தொட்டுச் செல்லும் கோடைப் பயணங்களில் கடல் நாள்கள் துண்டு துண்டாக வருகின்றன. அதுவும் அட்லாண்டிக்தான், செலவு மட்டும் கூடும்.

ஆவணமும் பணமும்

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்வரை போகலாம். பிரிட்டனுக்கு விசா தேவையில்லை என்றாலும் 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். சிக்கல் அமெரிக்காவில்தான். சிங்கப்பூர், புருணை நாட்டவருக்கு உள்ள விசா விலக்கு நமக்கு இல்லை. கப்பலில் போய் இறங்கி அன்றே விமானம் ஏறினாலும் அமெரிக்க விசா கட்டாயம். அதற்குக் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில் நேர்காணல் உண்டு. எனவே விசா கைக்கு வருவதற்கு முன் திரும்பப் பெற முடியாத கட்டணம் எதையும் செலுத்தாதீர்கள். ஹாலிஃபேக்ஸ் போன்ற கனடாத் துறைமுகம் வழியில் இருந்தால் அந்நாட்டின் விசாவும் தனியாக வேண்டும். கடப்பிதழில் பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மீதமிருக்கட்டும்.

கட்டணத்தைக் கணக்கிடும்போது விளம்பர விலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அந்த விலை ஓர் அறையை இருவர் பகிர்ந்தால் ஓர் ஆளுக்கு ஆவது. தனியாகப் போகும் கைம்பெண்களும் மணமாகாதவர்களும் ஏறக்குறைய இரு மடங்கு கொடுக்க நேரிடலாம். பணியாளர் அன்பளிப்புத் தொகை பல கப்பல்களில் ஆளுக்கு நாளுக்கு என்று டாலரில் சேர்க்கப்படும். கடலில் மட்டுமே இருக்கும் நாள்களில் பானம், இணையம், படம் எடுத்தல் எனச் சில்லறைச் செலவும் கூடும். இவற்றுக்கு மேல், ஒரு கண்டத்தில் ஏறி மற்றொன்றில் இறங்குவதால் விமானச் சீட்டு சுற்றி வளைத்தே அமையும்: கோலாலம்பூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒன்று, அமெரிக்காவிலிருந்து வீட்டுக்கு மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாக வாங்காமல் ஒரே சீட்டாகக் கேட்டால் பெரும்பாலும் குறையும். கப்பல் புறப்படும் நாளுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்னதாகவே துறைமுக நகரில் இருக்க வேண்டும். சாதாரணப் பயணத்தில் கப்பலைத் தவறவிட்டவர் அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். இந்தக் கடப்பில் ஓரிரு தீவு நிறுத்தங்களைத் தவிர அடுத்த துறைமுகமே இராது. எல்லாவற்றையும் மலேசிய வெள்ளியில் (ரிங்கிட்டில்) கூட்டிப் பார்த்தால், மலிவு என்று தோன்றியது நடுத்தரமாக மாறியிருக்கும். அதன் பிறகும் மனம் விரும்பினால் அது நம்பத்தக்க விருப்பம்.

உடை பற்றி ஒரு சொல்: சில கப்பல்களில் விருந்து இரவுகளுக்கு முழு ஆடை ஒழுங்கு உண்டு. பட்டுப் புடவையும் நல்ல ஜிப்பாவும் வேட்டியும் அந்த இரவுகளுக்கு முற்றிலும் பொருந்தும். இதற்கென்று கோட்டு தைக்கச் செலவு செய்ய வேண்டாம்.

சிறிய கப்பலில் ஒரு முன்னோட்டம்

வீட்டுச் சோதனையில் தேறியவர்கள் அடுத்ததாகச் சிங்கப்பூரிலிருந்தோ கிள்ளான் துறைமுகத்திலிருந்தோ புறப்படும் மூன்று, நான்கு இரவுப் பயணம் ஒன்றைச் செய்து பார்க்கலாம். அதில் கடலிலேயே கழியும் நாள் ஒன்றாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அறையின் அளவு, பொது உணவுக்கூடத்தின் இரைச்சல், இரவில் கேட்கும் இயந்திர ஒலி ஆகியவை உங்களுக்கு ஒத்துவருகின்றனவா என்பது அங்கே தெளிவாகிவிடும். ஆனால் அந்தப் பயணத்தை வைத்து இரண்டு முடிவுகளுக்கு வரக் கூடாது. மலாக்கா நீரிணை சுமத்ராவின் அணைப்பில் அமைதியாகக் கிடப்பது. அங்கே குமட்டவில்லை என்பதால் அட்லாண்டிக்கிலும் குமட்டாது என்று ஆகாது. மேலும், நம் பக்கத்துக் கப்பல்கள் பள்ளி விடுமுறைக் குடும்பங்களாலும் சூதாட்டக் கூடத்தின் ஆரவாரத்தாலும் நிறைந்தவை. அங்கே சலித்துப்போனவருக்கு அட்லாண்டிக் கடப்பின் அமைதி மிகவும் பிடித்துப்போகலாம், அங்கே மகிழ்ந்தவருக்கு அந்த அமைதி கனக்கலாம்.

முன்பதிவு செய்யும்போது முன்பணத்தைத் திரும்பப் பெற முடியுமா, முழுத்தொகையைச் செலுத்த வேண்டிய கடைசி நாள் எது என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடைசி நாள் பொதுவாகப் பயணத்திற்குச் சுமார் மூன்று மாதம் முன்னதாக வரும். அதற்குள் சோதனை, மருத்துவர், விசா, குடும்பப் பேச்சு ஆகிய நான்கும் முடிந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த ஆண்டுக்கு விலகிக்கொள்ளுங்கள். காப்புறுதியை முன்பணம் கட்டிய உடனே எடுத்துவிடுங்கள். அதில் கப்பல் பயணம் என்ற சொல்லும், நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவும், ஏற்கெனவே உள்ள நோய்களும் அடங்குகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நீரிழிவை மறைத்து எடுத்த காப்புறுதி, தேவைப்படும் நாளில் இழப்பீட்டை மறுத்துவிடும்.